இடமாற்றம் தீர்ப்பாகாது: பாலியல் முறைகேட்டில் ஈடுபட்ட ஆசிரியர் வேலையில் தொடரலாமா?

கொழும்பில் ஒரு பாடசாலை ஆசிரியர் மீது பாலியல் முறைப்பாடு எழுந்தால் செய்திகள் அனேகமாக ஒரே வரிசையில் வரும். முதல் நாள் 'ஆசிரியர் இடமாற்றம்'. அடுத்த வாரம் 'கட்டாய விடுமுறை'. பிறகு 'பிணையில் விடுதலை'. அதற்குப் பிறகு ஒன்றும் வராது. மூன்று வருடம் கழித்து அதே ஆசிரியர் வேறொரு பாடசாலையில் பத்தாம் ஆண்டுக்குக் கணிதம் எடுக்கிறார் என்று யாராவது சொல்வார்கள். 2025 மே மாதம், மாணவி ஒருவரின் மரணத்தை அடுத்து கொழும்பில் பெற்றோரும் பொதுமக்களும் வீதிக்கு இறங்கியபோது கேட்கப்பட்ட கேள்விகளில் இதுவும் ஒன்று: முறைப்பாடு இருக்கும் ஆசிரியரை ஏன் வேலையில் வைத்திருக்கிறார்கள்? அந்த விவகாரத்தின் உள்விபரங்களைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. கேள்விக்குப் பின்னால் இருக்கும் முறைமையை மட்டும் இங்கே பிரித்துப் பார்க்கலாம்.

எதைப் 'பாலியல் முறைகேடு' என்கிறோம்?

மாணவரைத் தொடுவது மட்டும் அல்ல. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்குகிறது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் வந்த பிரிவு இது. சொல்லாலோ செயலாலோ பாலியல்ரீதியாகத் தொல்லை கொடுப்பதும் அதற்குள் அடங்கும். 'அதிகாரத்தில் இருப்பவர் வேலைத்தளத்திலோ வேறெந்த இடத்திலோ' விரும்பத்தகாத பாலியல் அணுகுமுறை காட்டுவதும் குற்றமே என்று அதன் விளக்கக் குறிப்பு சொல்கிறது. ஆசிரியர் என்பவர் இந்த வரிக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்துபவர். தண்டனை 5 ஆண்டு வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும்.

அதற்கு மேலே 365ஆ பிரிவு, பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் 7 முதல் 20 ஆண்டு வரை கடூழியச் சிறை. பாலியல் வல்லுறவுப் பிரிவு பெண்களுக்கு மட்டுமே பொருந்துவதால், ஆண் மாணவர்கள் பாதிக்கப்படும் வழக்குகள் பெரும்பாலும் இந்தப் பிரிவின் கீழேயே வரும்.

எது இதற்குள் வராது என்பதையும் சொல்லியாக வேண்டும். விவாகரத்தான ஆசிரியை, சக ஆசிரியரைக் காதலிப்பவர், தன்பாலீர்ப்புள்ளவர் என்று ஊர் வாயில் விழுந்தவர்: இவர்கள் எவரும் பாலியல் முறைகேட்டில் ஈடுபட்டவர்கள் அல்லர். வயதுவந்த இருவரின் விருப்பத்தை 'ஒழுக்கக்கேடு' என்று பெரிதாக்கிவிட்டு, 16 வயது மாணவிக்கு இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் 'தூங்கிட்டியா' என்று அனுப்பும் சேரை 'பிள்ளைகளோட ஃப்ரீயா பழகுவார்' என்று விட்டுவிடுகிற பழக்கம் நம்மிடம் தாராளமாக உண்டு. அளவுகோல் ஒன்றுதான்: அதிகாரம் உள்ளவர் அதிகாரம் இல்லாதவரிடம் நடந்துகொண்ட விதம்.

'முறைகேட்டில் ஈடுபட்டவர்' என்ற சொல்லுக்குள் மூன்று பேர்

ஒரே சொல்லால் குறிப்பதால்தான் பாதிக் குழப்பம். பிரித்துவைப்போம்.

1. நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்த்தவர்.
2. நீதிமன்றம் வரை போகாமல், அல்லது அங்கே விடுவிக்கப்பட்டு, ஆனால் ஒழுக்காற்று விசாரணையில் குற்றம் நிரூபிக்கப்பட்டவர்.
3. முறைப்பாடு மட்டும் உள்ளவர். விசாரணை முடியவில்லை, அல்லது தொடங்கவே இல்லை.

முதலிரண்டு பேருக்கும் பதில் எளிது. மூன்றாமவர்தான் சிக்கல். கொழும்பில் நாம் கேள்விப்படும் சம்பவங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது பெட்டிக்குள்ளேயே பழசாகிப் போகின்றன.

இரண்டு விசாரணை, இரண்டு தராசு

ஒரே செயலுக்கு இரண்டு பாதைகள் உண்டு. குற்றவியல் பாதை பொலிஸ் முறைப்பாட்டில் தொடங்கி, சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை, நீதவான் நீதிமன்றம், சட்டமா அதிபர் திணைக்களம், மேல் நீதிமன்றம் என்று போகும். அங்கே குற்றம் 'நியாயமான சந்தேகத்துக்கு அப்பால்' நிரூபிக்கப்பட வேண்டும். ஒழுக்காற்றுப் பாதை தொழில்தருநரின் கையில் இருக்கிறது. அங்கே தேவைப்படுவது 'நடந்திருக்கவே அதிக வாய்ப்பு' என்ற அளவு.

'வழக்கு முடியட்டும், பிறகு பார்ப்போம்' என்று கல்வி அலுவலகங்களில் சொல்லப்படும் வசனத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. அரசாங்க ஊழியர்களின் ஒழுக்காற்று நடைமுறை தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதியில், 48ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. நீதிமன்ற நடவடிக்கை நடப்பது ஒழுக்காற்று நடவடிக்கைக்குத் தடையல்ல. நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டாலும் ஒழுக்காற்றில் குற்றம் காணலாம், ஏனென்றால் தராசு வேறு. சாட்சி சொல்ல வேண்டிய பிள்ளை உயர்தரம் முடித்து வெளிநாடு போய்விட்டதால் வழக்கு தள்ளுபடியாகிறது என்று வைத்துக்கொள்வோம். தொலைபேசியில் இருந்த செய்திகளும் அதிபரின் பதிவுப் புத்தகமும் ஒழுக்காற்றுக் கோவையில் அப்படியேதான் இருக்கும்.

இன்னொரு இடைவெளியை அனேகர் கவனிப்பதில்லை. பாலியல் உறவுக்குச் சம்மதம் தெரிவிக்கும் வயது 16. எனவே 17 வயது மாணவியோடு உறவு வைத்த ஆசிரியர், 'அவள் விருப்பத்தோடுதான்' என்ற வாதத்தை மேல் நீதிமன்றத்தில் எழுப்ப முடியும். ஒழுக்காற்று விசாரணையில் அந்த வாதம் எடுபடவே கூடாது. செயன்முறைப் புள்ளி போடுபவர், நற்சான்றுப் பத்திரத்தில் என்ன எழுதுவது என்று தீர்மானிப்பவர், மாணவத் தலைவர் பெயர்ப்பட்டியலில் கை வைப்பவர் அவர். அவரிடம் 'விருப்பம்' தெரிவிக்கும் உயர்தர மாணவி, 'இல்லை' என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்தே கணக்குப் போட்டிருப்பாள். இங்கிலாந்து இதைக் குற்றவியல் சட்டத்திலேயே அடைத்துவிட்டது. அங்கும் பொதுச் சம்மத வயது 16தான். ஆனால் நம்பிக்கைக்குரிய பதவியில் இருப்பவர் தம் பொறுப்பில் உள்ள 18 வயதுக்குக் குறைந்தவரோடு பாலியல் செயலில் ஈடுபடுவது 2003ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம்.

இன்னொரு குழப்பம் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. 16 வயதுக்குக் குறைந்தவரை வல்லுறவுக்கு உட்படுத்தியதற்குச் சட்டம் விதித்த கட்டாய ஆகக்குறைந்த தண்டனை, நீதிபதியின் தற்றுணிபைப் பறிப்பதால் அரசியலமைப்புக்கு முரணானது என்று 2008இல் உயர் நீதிமன்றம் கருத்துரைத்தது. அதன் பின் சில வழக்குகளில் சிறை செல்லாமலே தண்டனை முடிகிறது. 'உள்ளே போகவில்லையே, அப்படியானால் பெரிய குற்றமில்லை' என்று ஊர் முடிவுகட்டுகிறது. தண்டனை ஒத்திவைக்கப்படுகிறது, குற்றத்தீர்ப்பு ஒத்திவைக்கப்படுவதில்லை. வேலை பற்றிய முடிவுக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

இடமாற்றம், கட்டாய விடுமுறை, பணி இடைநிறுத்தம்

செய்தித் தலைப்புகளில் மாறிமாறி வரும் இந்தச் சொற்களுக்குள் பெரிய வேறுபாடு உண்டு.

- இடமாற்றம்: நிருவாக ஏற்பாடு. யார் மீதும் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. விசாரணைக்கு இடையூறு வராமல் இருக்கச் செய்வதாகச் சொல்வார்கள். ஆனால் புதிய பாடசாலையிலும் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள்.
- கட்டாய விடுமுறை: பாடசாலைக்கு வரக்கூடாது. சம்பளம் பொதுவாகத் தொடரும். இதுவும் தண்டனை அல்ல.
- பணி இடைநிறுத்தம்: பாரதூரமான குற்றச்சாட்டு வெளித்தோற்றத்தில் உறுதியாகத் தெரியும்போது, ஒழுக்காற்று அதிகாரம் உள்ளவர் எழுத்தில் விதிப்பது. இந்தக் காலத்தில் பாதிச் சம்பளம் கொடுக்கப்படலாம். இறுதியில் குற்றமற்றவர் என்றானால் நிலுவை கிடைக்கும்.
- பணிநீக்கம்: இதுதான் தண்டனை. முறையான ஒழுக்காற்று விசாரணைக்குப் பிறகு, அல்லது நீதிமன்றக் குற்றத்தீர்ப்பை வைத்து விதிக்கப்படுவது.

அதிபருக்கோ வலயக் கல்விப் பணிப்பாளருக்கோ ஆசிரியரைப் பணிநீக்கும் அதிகாரம் கிடையாது. தேசிய பாடசாலை என்றால் கல்வி அமைச்சும் அரசாங்க சேவை ஆணைக்குழுவும். மாகாணப் பாடசாலை என்றால் மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழு. கொழும்பில் இரண்டு வகைப் பாடசாலைகளும் ஒரே வீதியில் இருக்கும். ஒன்றின் கோவை கல்வி அமைச்சு இருக்கும் பத்தரமுல்லை இசுறுபாயவுக்குப் போக, மற்றதன் கோவை மாகாணக் கல்வித் திணைக்களத்துக்குப் போகும். தேசிய பாடசாலை ஆசிரியர் பற்றிய முறைப்பாட்டை வலய அலுவலகத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர் பலர், கோவை அங்கிருந்து அசையாமல் கிடப்பதை மாதக்கணக்கில் கழித்தே அறிகிறார்கள்.

ஆரம்ப விசாரணை எங்கே பிசகுகிறது

முறைப்பாடு வந்ததும் நடக்க வேண்டியது ஆரம்ப விசாரணை. உண்மைகளைத் திரட்டுவதே அதன் வேலை. அந்த அறிக்கையை வைத்துத்தான் குற்றப்பத்திரிகை தயாராகும், அதன் மேல்தான் முறையான விசாரணை நடக்கும். அடித்தளம் கோணினால் மேலே கட்டப்படுவதும் கோணும். பத்து வருடம் கழித்து நிருவாக மேன்முறையீட்டு நியாயசபையில் ஆசிரியர் வெல்வதற்குக் காரணம் தேடினால், பெரும்பாலும் முதல் மூன்று நாட்களில் அகப்படும்.

முதலாவது பிசகு, பிள்ளையை அதிபரின் அறைக்கு அழைத்து, ஆசிரியரையும் அழைத்து, 'சேருக்கு முன்னால் சொல்லு' என்பது. பிள்ளை தலைகுனிந்து நிற்கும். 'பிள்ளை மறுத்துவிட்டது' என்று குறிப்பு எழுதப்படும். அந்தக் குறிப்பு பின்னர் எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் முதல் ஆவணமாகும்.

இரண்டாவது, வகுப்பு முழுவதிடமும் ஒரே நேரத்தில் எழுத்து வாக்குமூலம் வாங்குவது. இருபது பிள்ளைகள் ஒருவர் தாளை ஒருவர் பார்த்து, ஒரே வசனத்தை எழுதிக்கொடுப்பார்கள். 'சொல்லிக்கொடுத்து எழுதியது' என்று தட்டிவிட அதுவே போதும்.

மூன்றாவது, திரும்பத்திரும்பச் சொல்லவைப்பது. வகுப்பாசிரியை, பகுதித் தலைவர், அதிபர், வலய உத்தியோகத்தர், பொலிஸ், சட்ட வைத்திய அதிகாரி என்று ஆறு பேரிடம் சொன்ன பிள்ளையின் ஆறு விவரணைகளிலும் சிறு வேறுபாடு இருக்கும். இருக்கத்தான் செய்யும். பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வழிசெய்கிறது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையிடம் அந்த ஏற்பாடு உண்டு. எனவே அதிபர் செய்ய வேண்டியது மிகக் குறைவு: பிள்ளை தானாகச் சொன்னதைச் சொன்ன சொற்களிலேயே, திகதியும் நேரமும் இட்டு எழுதுவது, கேள்வி மேல் கேள்வி கேட்காமல் இருப்பது, அந்த அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழைப்பது.

நான்காவது மொழி. கொழும்பில் பல பொலிஸ் நிலையங்களில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படுகிறது. தமிழில் பேசிய பிள்ளை, வாசிக்கத் தெரியாத மொழியில் இருக்கும் தாளில் கையொப்பமிடுகிறது. 'தோளில் கை வைத்தார்' என்பதும் 'தோளைப் பிடித்து இழுத்தார்' என்பதும் மொழிபெயர்ப்பில் இடம்மாறினால், குறுக்கு விசாரணையில் பிள்ளை பொய்காரி ஆகும். தமிழ் தெரிந்த உத்தியோகத்தரைக் கேட்பதற்கும், தமிழில் பதியச் சொல்வதற்கும் உரிமை உண்டு. கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டி வரலாம். காத்திருங்கள்.

ஐந்தாவது, தொலைபேசி. கோபத்தில் பெற்றோர் முதலில் செய்வது பிள்ளையின் தொலைபேசியில் ஆசிரியரோடு உள்ள உரையாடலை அழிப்பது, அல்லது ஆசிரியருக்கே அழைத்து ஏசுவது. இரண்டாவதைச் செய்தால் அவர் தன் பக்கத்தை அழித்துவிடுவார். இலக்கம் தெரியும்படி, திகதி தெரியும்படி, உரையாடலின் தொடக்கத்திலிருந்து திரைப்பிடிப்பு எடுத்து, தொலைபேசியையும் அப்படியே வைத்திருக்க வேண்டும். பெயர் மட்டும் தெரியும் திரைப்பிடிப்பு பலவீனமானது. யாருடைய இலக்கத்தையும் எந்தப் பெயரிலும் சேமிக்கலாம் அல்லவா?

சமரசம் பற்றியும் ஒரு சொல். பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்லி, பெற்றோரிடம் 'முறைப்பாட்டைத் திரும்பப் பெறுகிறோம்' என்று கடிதம் வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்ததாக நினைக்கிறார்கள். ஒழுக்காற்று நடவடிக்கையை நடத்துவது தொழில்தருநர், பெற்றோர் அல்லர். கடிதம் வந்தாலும் கோவையை மூட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

அப்படியானால் தொடரலாமா?

நீதிமன்றத்திலோ ஒழுக்காற்று விசாரணையிலோ, மாணவர் ஒருவரிடம் பாலியல் முறைகேடாக நடந்தது நிரூபணமானால், அந்த நபர் மீண்டும் வகுப்பறைக்குள் வரக்கூடாது. ஐந்து வருடம் கழித்தும் கூடாது. இதற்கு எதிராக வைக்கப்படும் வலுவான வாதம் மறுவாழ்வு பற்றியது: தண்டனை அனுபவித்தவருக்கு வாழ வழி விட வேண்டாமா? விட வேண்டும். அச்சகத்தில், கணக்கு அலுவலகத்தில், கடையில் வேலை செய்யட்டும். வேலை செய்யும் உரிமை வேறு, பிறர் பிள்ளைகள் மீது அதிகாரம் செலுத்தும் உரிமை வேறு. பின்னது எவருக்கும் பிறப்புரிமை இல்லை. நம்பிக்கையின் பேரில் ஒப்படைக்கப்படுவது.

'ஆசிரியர் வேலையை விட்டு எடுத்து வலய அலுவலகத்தில் ஒரு மேசை கொடுக்கலாமே' என்பது அடிக்கடி கேட்கும் நடுவழி. தோற்றத்துக்கு நியாயமாக இருக்கும். ஆனால் அங்கே அவர் கையில் போவது மாணவர் கோவைகளும், இளம் ஆசிரியைகளின் இடமாற்ற விண்ணப்பங்களும்.

மூன்றாவது பெட்டியில் இருப்பவருக்கு வருவோம். முறைப்பாடு மட்டும் உள்ள ஆசிரியரைப் பணிநீக்குவது அநியாயம். பொய் முறைப்பாடுகள் வருவதில்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. அதிபர் பதவிப் போட்டியில் மொட்டைக் கடிதங்கள் பறந்த கதைகள் எல்லா வலயங்களிலும் உண்டு. ஆனால் பணிநீக்காமல் இருப்பதற்கும் அவரை வகுப்பில் வைத்திருப்பதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. பிள்ளைகளிடமிருந்து முழுமையாக விலக்கி, சம்பளத்தை நிறுத்தாமல், விசாரணையை மாதக்கணக்கில் முடிப்பது இரு தரப்புக்கும் நியாயம். இடமாற்றம் இரு தரப்புக்கும் அநியாயம்: குற்றவாளி என்றால் புதிய பிள்ளைகளைக் கொடுக்கிறது, நிரபராதி என்றால் விசாரிக்காமலே முத்திரை குத்துகிறது. அலுவலகங்கள் அதை விரும்புவதற்குக் காரணம், ஒரு கடிதத்தோடு வேலை முடிவதுதான்.

பழைய சம்பவங்களுக்கு ஒரு கால எல்லை உண்டு. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவின்படி, கொலையும் இராஜத்துரோகமும் தவிர்ந்த குற்றங்களுக்குப் பொதுவாக 20 ஆண்டுகளுக்குப் பிறகு வழக்குத் தொடர முடியாது. 12 வயதில் பாதிக்கப்பட்டவர் 35 வயதில் வாய் திறந்தால் நீதிமன்றக் கதவு மூடியிருக்கும். அந்த ஆசிரியர் இன்னும் சேவையில் இருக்கலாம், அதிபராகவும் இருக்கலாம். அத்தகைய நிலையில் ஒழுக்காற்று விசாரணை ஒன்றே மிஞ்சும் வழி.

வேலை போனாலும் தொழில் போவதில்லை

என் கணிப்பில் விவகாரத்தின் மையம் இதுதான். வைத்தியர் ஒருவர் முறைகேடு செய்தால் இலங்கை மருத்துவப் பேரவை அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம். சட்டத்தரணி என்றால் உயர் நீதிமன்றம் நீக்கும். அதன் பிறகு அவர்கள் நாட்டில் எங்கும் தொழில் செய்ய முடியாது. ஆசிரியருக்கு அப்படியொரு பதிவேடு இல்லை. இலங்கை ஆசிரியர் சேவை என்பது அரசாங்க வேலைக்கான சேவை, தொழில் அனுமதிப்பத்திரம் அல்ல. அதிலிருந்து நீக்கினால் போவது அரசாங்கச் சம்பளம் மட்டுமே.

பலர் அந்த நீக்கம் வரை போவதும் இல்லை. வெளியேற நான்கு வாசல்கள் இருக்கின்றன.

1. பதவி விலகல். ஒழுக்காற்று நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போது இதை ஏற்காமல் விடலாம். குற்றப்பத்திரிகை வர முன்னர் கடிதம் கொடுத்தால் அனேகமாக ஏற்கப்பட்டுவிடும்.
2. பதவி வெறிதாக்கல். அறிவிக்காமல் வேலைக்கு வராமல் விட்டால், பதவியைத் தானே கைவிட்டதாகக் கருதிக் கடிதம் அனுப்பப்படும். கோவையில் இறுதியாக நிற்கும் காரணம் 'சமுகமளிக்காமை'. பாலியல் முறைப்பாடு அதற்குக் கீழே புதைந்துபோகும்.
3. ஓய்வு. நிலுவையிலுள்ள விசாரணைக்கு உட்பட்டு, ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின் 12ஆம் பிரிவின் கீழ் ஓய்வுபெற வைத்து, பின்னர் ஓய்வூதியத்தில் கை வைக்கலாம். பணம் குறையும், பெயர் கெடாது.
4. தனியார் பாடசாலையில் 'பேசித் தீர்ப்பது'. நிருவாகம் நல்ல சேவைச் சான்றிதழ் ஒன்றைக் கொடுக்கும், ஆசிரியர் சத்தமில்லாமல் போவார்.

நான்காவதுக்கு அமெரிக்காவில் ஒரு பெயரே உண்டு: 'குப்பையை அடுத்த வீட்டுக்குத் தள்ளுதல்'. 2015ஆம் ஆண்டின் மத்திய கல்விச் சட்டம், அரசாங்க நிதி பெறும் பாடசாலைகள் அத்தகைய ஊழியருக்கு வேறு வேலை தேடிக்கொடுக்க உதவுவதைத் தடுக்கும்படி மாநிலங்களுக்குச் சொல்கிறது.

கொழும்பில் அடுத்த வீடு மிக அருகில் இருக்கிறது. சர்வதேசப் பாடசாலைகள் பல கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள். அவற்றின் ஆசிரியர் நியமனத்தில் கல்வி அமைச்சு தலையிடுவதில்லை. டியூஷன் வகுப்புக்கோ அதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை பாடசாலையை விட்டு நின்றவர், சனிக்கிழமை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு மண்டபம் எடுத்து, டியூட் (பாடக் குறிப்பு) அச்சடித்து, பதாகை கட்டலாம். பாடசாலையில் குறைந்தபட்சம் அதிபரும் பகுதித் தலைவரும் இருப்பார்கள். 'பெர்சனல் கிளாஸ்' என்று வீட்டுக்கு வருபவருக்கு மேலே யாரும் இல்லை.

சான்றிதழ்களை நம்பிவிடவும் முடியாது. கிராம உத்தியோகத்தரின் சான்று, அந்தப் பிரிவில் வசிக்கிறார், தமக்குத் தெரிந்தவரை நல்லவர் என்பதற்கு மேல் எதையும் சொல்லாது. பொலிஸ் சான்றிதழ் பொலிஸ் பதிவுகளில் இருப்பதைத்தான் காட்டும். பாடசாலைக்குள்ளேயே முடிந்த விசாரணை எந்தப் பொலிஸ் புத்தகத்திலும் இல்லை.

மற்ற நாடுகள் கற்ற பாடம்

இங்கிலாந்தில் 2006 ஜனவரியில் ஒரு புயல் கிளம்பியது. பாலியல் குற்றத்துக்காகப் பொலிஸ் பதிவில் இருந்த சிலரைப் பாடசாலைகளில் வேலை செய்ய அமைச்சர்களே அனுமதித்திருந்தது வெளியானது. கல்வி அமைச்சர் ரூத் கெலி பாராளுமன்றத்தில் பதில் சொல்ல வேண்டி வந்தது. அதே வருடம் வந்த சட்டம், யாரைப் பிள்ளைகளோடு வேலை செய்யத் தடைசெய்வது என்ற முடிவை அமைச்சரிடமிருந்து எடுத்துச் சுயாதீன அமைப்பொன்றிடம் கொடுத்தது. எம்.பி.யின் கடிதத்தோடு இடமாற்றம் மாறிவிடுகிற நமது ஊரில் இந்த ஒரு அம்சமே பெரிய விஷயம். தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டு அரசாணை ஒன்று, மாணவரிடம் பாலியல் குற்றம் புரிந்த ஆசிரியரின் பணியோடு கல்விச் சான்றிதழ்களையும் இரத்துச் செய்ய வழிவிட்டது. வேறெங்கும் போய்ப் படிப்பிக்க முடியாமல் செய்வதே நோக்கம். சிறுவரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் இந்தியாவின் போக்சோ சட்டம், தெரிந்தும் முறைப்பாடு செய்யாத நிறுவனத் தலைவருக்கு ஒரு வருடம் வரை சிறை என்கிறது.

இப்படியொரு சட்டம் இங்கும் வரும்வரை கொழும்பில் செய்யக்கூடியது

தனியார் பாடசாலை அல்லது டியூஷன் நிலையம் நடத்துபவர் ஒருவரைச் சேர்க்க முன்னர்:

1. விண்ணப்பப் படிவத்தில் 'உங்கள் மீது எப்போதாவது பாலியல் நடத்தை தொடர்பில் முறைப்பாடு, விசாரணை, வழக்கு இருந்ததா, அது எப்படி முடிந்தது' என்று கேட்டுக் கையொப்பம் வாங்குங்கள். பொய் சொன்னது பின்னர் தெரியவந்தால், அந்தப் பொய்யே பணிநீக்கத்துக்குக் காரணமாகும். பழைய சம்பவத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை.
2. சேவைக் காலத்தில் விடுபட்ட மாதங்களைக் கேளுங்கள். வருட நடுவில், மார்ச் அல்லது ஜூலையில் விலகியவர் ஏன் விலகினார்?
3. சான்றிதழில் உள்ள கைபேசி இலக்கத்துக்கு அழைக்காமல், பழைய பாடசாலையின் அலுவலகத் தொலைபேசிக்கு அழையுங்கள். கேட்க வேண்டியது இரண்டே: போகும்போது விசாரணை நிலுவையில் இருந்ததா? மீண்டும் வேலைக்கு எடுப்பீர்களா? இரண்டாவது கேள்விக்கு வரும் மௌனத்தையும் குறித்துவையுங்கள்.

'உண்மையைச் சொன்னால் அவதூறு வழக்கு வரும்' என்று பழைய அதிபர்கள் பயப்படுவார்கள். குற்றவியல் அவதூறு 2002இலேயே நீக்கப்பட்டுவிட்டது. குடியியல் வழக்கு வரலாம், ஆனால் கேட்க உரிமை உள்ளவரிடம், கடமையின் பேரில், வன்மமின்றிச் சொல்லப்படும் தகவலுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 'அவர் கெட்டவர்' என்று சொல்லாமல் 'இன்ன திகதியில் முறைப்பாடு வந்தது, விசாரணை முடியுமுன் விலகினார்' என்று சொன்னால் போதும்.

பணிநீக்கும் தனியார் நிறுவனத்துக்கும் ஒரு எச்சரிக்கை. ஊழியரின் வேலையை முடிவுறுத்துவது பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனம் ஒழுக்காற்றுக் காரணத்தால் ஒருவரை நீக்கினால், இரண்டாவது வேலை நாள் முடியுமுன் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். வெட்கத்தால் காரணம் எழுதாமல் விட்டவர்கள், தொழில் நியாயசபையில் அந்த ஆசிரியருக்கே நட்டஈடு கொடுக்க வேண்டிய நிலைக்கு வருவார்கள்.

பெற்றோருக்கு இருக்கும் கருவி தகவல் அறியும் உரிமைச் சட்டம். முறைப்பாட்டின் பிரதியில் பெற்றுக்கொண்ட திகதி முத்திரை இருக்கட்டும். பிறகு தேசிய பாடசாலை என்றால் கல்வி அமைச்சின், மாகாணப் பாடசாலை என்றால் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம். 'ஆசிரியரின் கோவையைத் தாருங்கள்' என்று கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள். கேட்க வேண்டியது: இன்ன திகதி முறைப்பாட்டுக்கு ஆரம்ப விசாரணை நியமிக்கப்பட்டதா, எந்தத் திகதியில், அறிக்கை எந்த அதிகாரிக்கு எப்போது அனுப்பப்பட்டது, குற்றப்பத்திரிகை வழங்கப்பட்டதா? முடிவைச் சொல்ல 14 வேலை நாட்கள். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ, அடுத்த 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதன் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கோவை எந்த மேசையில் தூங்குகிறது என்பது பெரும்பாலும் முதல் கடிதத்திலேயே தெரிந்துவிடும்.